ரயிலுக்குக் காசு கொடுத்தவர் யார்?

"ஆயிரம் சொல்லுங்க, வெள்ளைக்காரன் இருந்ததாலதான் நமக்கு ரயில் வந்துச்சு." நாமக்கல் டீக்கடையிலும் இந்தப் பேச்சுதான், கல்லூரிப் பட்டிமன்றத்திலும் இந்தப் பேச்சுதான். படித்தவர்களே அதிகம் சொல்கிறார்கள். நம் பாட்டன் பூட்டன் வயிற்றிலடித்த கணக்கை மறைக்கிற பொய் இது.

ரயில் கம்பெனிகளில் பணம் போட்ட லண்டன் முதலாளிகளுக்கு ஆண்டுக்கு 5 சதவீதம் வட்டி உறுதி செய்யப்பட்டது. வருமானம் போதாவிட்டால் இந்திய வரிப்பணம் அதை ஈடுகட்டும். 1860களில் சேலம், சங்ககிரி வழியாக ஈரோட்டுக்குப் போன மெட்ராஸ் ரயில்வேயும் இந்த ஏற்பாட்டில் வந்ததுதான்.

இதைவிடக் கொடியது அபிசீனியக் (இன்றைய எத்தியோப்பியா) கணக்கு. அந்நாட்டு மன்னர் இரண்டாம் தியோட்ரோஸ் சில ஐரோப்பியரைச் சிறைவைத்திருந்தார். அவர்களை மீட்க 1867இல் பம்பாயிலிருந்து பிரிட்டிஷ் படை கப்பலேறியது. மெட்ராஸ் சாப்பர் படையினரும் போனார்கள். செங்கடல் கரையில் சூலாவில் இறங்கி, உள்நாட்டை நோக்கிச் சுமார் 11 மைலுக்கு ரயில் பாதை போட்டார்கள். அதற்கு இந்தியாவிலிருந்து தண்டவாளம் போயிற்று, இன்ஜின் போயிற்று, கூலியாட்கள் போனார்கள். பீரங்கி சுமக்க யானைகள்கூடப் போயின. 1868 ஏப்ரலில் தியோட்ரோஸின் மக்தலா கோட்டை விழுந்தது. படை திரும்பியதும் பாதையைப் பிரித்துவிட்டார்கள். செலவு ஏறத்தாழ 90 லட்சம் பவுன். பெரும்பகுதியை பிரிட்டன் ஏற்றது உண்மை. ஆனால் அங்கே போன இந்தியப் படைகளின் வழக்கமான சம்பளத்தை இந்திய கஜானாவின் தலையில் கட்டினார்கள். தியோட்ரோஸுக்கும் சேலம் ஜில்லாக் குடியானவனுக்கும் என்ன பகை? 1885இல் சூடானின் சுவாக்கினிலும் இதே அநியாயம் நடந்தது. அங்கே பெர்பர் வரை போடத் தொடங்கிய பாதையைப் பாதியிலேயே கைவிட்டார்கள்.

இந்த இரண்டு படையெடுப்புகளுக்கும் நடுவில் வந்தது தாது வருஷப் பஞ்சம். நாமக்கல்லையும் சேர்த்த சேலம் ஜில்லாவில் 1871இல் சுமார் 19 லட்சத்து 67 ஆயிரம் பேர் இருந்தார்கள். 1881இல் சுமார் 16 லட்சம்தான். மற்றவர்கள் பசியிலும் காய்ச்சலிலும் மாண்டவர்கள், ஊரைவிட்டே போனவர்கள். சேலத்துக்கு அப்போது ரயில் இருந்தது! இனிவரும் பஞ்சத்துக்கென்று சொல்லி வைஸ்ராய் லிட்டனின் அரசு புதுவரி போட்டது. 1878இல் ஆப்கன் போர் மூண்டது; பஞ்ச நிதி ஓரங்கட்டப்பட்டது. வடமேற்கு எல்லையில் சிபி வரை போருக்கான ரயில் பாதை மட்டும் மளமளவென்று எழும்பியது.

வெள்ளைக்காரன் வராவிட்டால் ரயிலே வந்திருக்காது என்பார்கள். யாருக்கும் அடிமையாக இல்லாத ஜப்பானில் 1872இலேயே ரயில் ஓடியது. நாமக்கல் நகருக்கோ வெள்ளைக்காரன் மூட்டை கட்டும்வரை ரயில் வரவே இல்லை. சேலம்–கரூர் பாதை 2013 மே மாதத்தில்தான் திறந்தது, நம் சொந்தப் பணத்தில்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். ரயில் பாடத்தில் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி பெயரைச் சொல்லும்போது, அந்தப் பாதைகளுக்கு வரி கட்டிப் பஞ்சத்தில் செத்த நம் ஜனங்களையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.