ஐந்து நாள் லீவில் பனிச்சறுக்கு: குல்மார்க்கா, ஔலியா?



என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒருவர் (இப்போது அவர் மகளே ஐந்தாம் வகுப்பு!) போன வாரம் போன் செய்தார். "டீச்சர், அஞ்சு நாள் லீவு சேர்த்து வச்சிருக்கேன். மூணு பேரும் பனிச்சறுக்கு கத்துக்கணும்னு ஆசை. குல்மார்க் போகலாமா, ஔலி போகலாமா? வீட்ல ஆளுக்கொரு கட்சி" என்றார். என் தங்கை மகனும் இதையே கேட்டிருக்கிறான். ஆகவே எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

ஐந்து நாள் என்றால் குல்மார்க். பத்து நாள் கையில் இருந்தால் ஔலி. இதுதான் என் முடிவு. இரண்டு இடங்களையும் பார்த்தவள் என்ற முறையில் காரணத்தையும் சொல்கிறேன்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். புதன் காலை சென்னையில் விமானம் ஏறி, டெல்லியில் மாறி, பிற்பகல் ஸ்ரீநகரில் இறங்கலாம். அங்கிருந்து குல்மார்க் ஐம்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம்தான். பனி அதிகமாக இருந்தால் தங்மார்க்கில் சக்கரத்துக்குச் சங்கிலி கட்டிய வண்டிக்கு மாற வேண்டியிருக்கும். அப்படியும் இரவுச் சாப்பாட்டுக்குள் அறைக்குப் போய்விடலாம். வியாழன், வெள்ளி, சனி மூன்று முழு நாளும் பனியில். ஞாயிறு திரும்பலாம்.

ஔலிக்கு? புதன் டேராடூன் இறங்கி ரிஷிகேஷில் தங்க வேண்டும். வியாழன் முழுக்க ஜோஷிமடம் வரை சுமார் 250 கிலோமீட்டர் மலைப்பாதை. நம் ஊர் நான்குவழிச் சாலை ஞாபகத்தில் ஐந்து மணி நேரம் என்று எண்ணிவிடாதீர்கள். பத்து மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், வழியில் மண் சரிந்தால் அதற்கு மேலும் ஆகும். இருட்டிய பிறகு அந்தப் பாதையில் போகவே கூடாது. வெள்ளி காலை ஔலி. சனி விடிந்ததும் இறங்கினால்தான் ஞாயிறு விமானம். ஐந்து நாளில் பனிமேல் நிற்பது ஒரே நாள்! அந்த ஒரு நாளில் ஒரு குழந்தை சறுக்கக் கற்காது. விழக் கற்கும், அவ்வளவுதான். அடுத்த நாள் வந்திருந்தால் எழுந்து ஓடியிருக்கும்.

இதனால் ஔலி மட்டம் என்று அர்த்தமில்லை. எனக்கு மனசுக்குப் பிடித்தது ஔலிதான். சரிவுகள் அகலமானவை, கூட்டம் குறைவு, எதிரே 7,816 மீட்டர் நந்தாதேவி. போகும் வழியே ஒரு யாத்திரை: தேவப்பிரயாகை, ருத்ரப்பிரயாகை, கர்ணப்பிரயாகை என்று நதிகள் கூடும் இடங்களாகத் தாண்டிப் போவீர்கள். ஜோஷிமடத்தைத்தான் நம் பெரியவர்கள் திருமங்கையாழ்வார் பாடிய திருப்பிரிதி என்று சொல்வார்கள். அங்கே கர்வால் மண்டல் விகாஸ் நிகம் என்ற அரசு நிறுவனம் ஏழு நாள், பதினான்கு நாள் பயிற்சி நடத்துகிறது. கற்பதற்கு அதுதான் சரியான வழி. கல்லூரிப் படிப்பை முடித்து வேலைக்குச் சேரும் முன் இருக்கும் பிள்ளைகள் அதில் சேருங்கள். உங்களுக்குத்தான் நேரம் இருக்கிறது.

ஆனால் ஒன்று. 2023 ஜனவரியில் ஜோஷிமடத்தில் மண் இறங்கி, வீடுவீடாக விரிசல் விட்டதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். ஜோஷிமடம்–ஔலி ரோப்காரையும் அப்போது நிறுத்திவிட்டார்கள். பழைய பயணக் குறிப்புகளைப் படித்துவிட்டு ரோப்காரை நம்பித் திட்டம் போடாதீர்கள். ஜீப்தான்.

இப்போது காஷ்மீர். "அங்கே போறதா?" என்று அக்கா கேட்பார் என்று தெரியும். 2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் 26 பேரைக் கொன்றார்களே, அதற்குப் பிறகு அந்தப் பயத்தைக் கேலி செய்ய எனக்கு வாய் வராது. கிளம்பும் வாரத்து நிலவரத்தைப் பாருங்கள், அரசு எச்சரிக்கை இருந்தால் ரத்து செய்யுங்கள், பணம் திரும்ப வரும் டிக்கெட்டாகவே எடுங்கள். வீட்டில் ஒருவருக்கு உள்ளூர நடுக்கம் என்றால் இந்த வருடம் வேண்டாம். அவரை வற்புறுத்தி அழைத்துப் போனால் மூன்று நாளும் அறையில் டிவி முன்னால்தான் உட்கார்ந்திருப்பார். எல்லோரும் மனமொத்துப் போனால் நல்ல பயணம். குதிரைக்காரர், ஸ்லெட்ஜ் இழுப்பவர், டீக்கடைக்காரர் எல்லோருக்கும் அந்தக் குளிர்கால வருமானம்தான் வருடச் சோறு. அவர்கள் வந்து மொய்ப்பார்கள்தான், கோபப்படாதீர்கள். விலையை முதலிலேயே பேசிவிட்டால் சண்டையே வராது.

குல்மார்க் 2,650 மீட்டர் உயரம், ஏறக்குறைய நம் தொட்டபெட்டா சிகரம். மூச்சு வாங்காது. கண்டோலாவின் முதல் கட்டம் கோங்டோரி வரை போகும். இரண்டாம் கட்டம் கிட்டத்தட்ட நான்காயிரம் மீட்டரில் அபர்வத் மலைத்தோளில் விடும். புதிதாகக் கற்பவர்களுக்கு அங்கே வேலையே இல்லை. பனிச்சரிவு வரும் இடம், 2023 பிப்ரவரியில் போலந்து நாட்டவர் இருவர் அங்கேதான் இறந்தார்கள். காற்று பலமாக இருந்தால் கண்டோலாவை நிறுத்துவார்கள். அப்போது கவுண்டரில் சத்தம் போடாதீர்கள். 2017 ஜூனில் காற்றில் மரம் சாய்ந்து ஏழு பேர் இறந்த கண்டோலா அது.

நீங்கள் கற்க வேண்டிய இடம் கீழே இருக்கும் சின்னச் சரிவுதான். மூன்று நாளைக்கும் ஒரே பயிற்சியாளரை அமர்த்துங்கள். முதல் நாள் நிற்கவும் நிறுத்தவும் கற்றுக்கொண்டால் போதும். வாடகைக் கடையில் பூட்ஸைப் போட்டு நடந்து பார்த்துத்தான் எடுக்க வேண்டும். அளவு சரியில்லாத பூட்ஸ் அரை மணியில் காலைக் கடித்து, அன்றைய நாளையே கெடுத்துவிடும்.

எந்த மாதம் என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். அரையாண்டு விடுமுறையில் டிசம்பர் கடைசி வாரம் போகாதீர்கள். கூட்டம் நெரியும், பனிக்கும் உத்தரவாதம் கிடையாது. 2024 ஜனவரியில்கூடக் குல்மார்க் புல்தரையாகக் கிடந்தது. டிசம்பர் 21-இல் தொடங்கும் நாற்பது நாள் கடுங்குளிரை அங்கே சில்லை கலான் என்பார்கள். அது முடிந்து பிப்ரவரி நடுவில் போனால் பொதுவாகப் பனி ஆழமாக இருக்கும், வெயிலும் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். "பள்ளிக்கூடம் இருக்கே டீச்சர்?" ஐந்தாம் வகுப்புக் குழந்தைக்கு மூன்று நாள் லீவு போட்டால் குடி முழுகாது, முப்பத்தைந்து வருடம் வருகைப்பதிவேடு பார்த்த நானே சொல்கிறேன். பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் மட்டும் அடுத்த வருடம்.

கடைசியாக ஒன்று: வெளிமாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. குடும்பத்தில் ஒருவரிடமாவது போஸ்ட்பெய்டு இருக்கட்டும். கண்டோலா டிக்கெட்டையும் கிளம்பும் முன்பே ஆன்லைனில் எடுத்துவிடுங்கள்.