ஆசனமும் அதிகாரமும்

கல்கத்தாவில் நியூ மார்க்கெட்டுக்கு அருகே மாநகராட்சி மாளிகை நிற்கும் வீதிக்கு இன்று சுரேந்திரநாத் பானர்ஜியின் பெயர் வழங்குகிறது. அதே மாநகராட்சியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் அங்கத்தினராக இருந்துவிட்டு, 1899-ல் ராஜினாமா செய்து வெளியேறியவர்களுள் முதன்மையானவர் அவர் என்பதையும், எதன் பொருட்டு வெளியேறினார் என்பதையும் சேர்த்து யோசிப்பவர்களுக்கு, ஒரு சபையில் ஆசனம் பெறுவதற்கும் அதன் தீர்மானத்தில் அதிகாரம் பெறுவதற்கும் உள்ள வேற்றுமை தெளிவாக விளங்கும்.

1876-ஆம் ஆண்டின் சட்டப்படி கல்கத்தா நகரசபையின் 72 அங்கத்தினர்களில் 48 பேரை வரி செலுத்தும் நகரவாசிகளே தேர்ந்தெடுத்தனர். 1888-ல் சபை விரிவுபெற்றபோது 75 பேரில் 50 பேர் ஜனப் பிரதிநிதிகளாயினர். சாக்கடைக்கும் சுகாதாரத்துக்கும் செய்யவேண்டியதைச் செய்யாமல் இந்தச் சபை பேசிப் பேசியே காலத்தைக் கழிக்கிறது என்று 1896-ல் வங்காளத்தின் லெப்டினன்ட் கவர்னர் அலெக்சாண்டர் மெக்கன்ஸி பகிரங்கமாகக் கண்டித்தார். அவர் முயற்சியில் பிறந்த மசோதாவை, பின்னர் வைசிராயாக வந்த கர்சன் பிரபு மேலும் கடுமையாக்கி, ஏனைய ஸ்தானங்கள் 25-ஐயும் அப்படியே வைத்துக்கொண்டு, தேர்ந்தெடுக்கப்பட்டோர் தொகையை மட்டும் 50-லிருந்து 25 ஆக வெட்டினார்.

பாதிக்குப் பாதி என்பது மேலோட்டமாகப் பார்ப்பவருக்குச் சமநீதியாகத் தோன்றலாம். ஆனால் சபையின் தலைவரும் சர்க்கார் நியமித்த உத்தியோகஸ்தரே. ஆதலால் முக்கியமான வாக்கெடுப்பு எந்தப் பக்கம் முடியும் என்பது முன்னரே நிச்சயம். இதனினும் ஆழமாக வெட்டியது பொதுக் கமிட்டி என்னும் ஏற்பாடு. நிர்வாக விஷயங்களில் பெரும்பகுதியைத் தீர்மானிக்கும் பொறுப்பைப் பெற்ற அந்தப் பன்னிருவர் கமிட்டிக்கு, வார்டுகளின் பிரதிநிதிகள் அனுப்பக்கூடியவர்கள் நால்வர் மட்டுமே. பெரிய மண்டபத்தில் மனம்போல் பேசலாம். காரியம் முடிவாவதோ சிறிய அறையில்.

இந்த ஏற்பாட்டை எதிர்த்து 28 அங்கத்தினர்கள் ஒருசேர ராஜினாமா செய்தனர். உள்ளே இருந்திருந்தால் ஓரளவேனும் தடுத்திருக்கலாமே என்ற வாதம் அன்றும் எழுந்திருக்கும். எந்தக் கமிட்டியிலும் இன்றும் எழுவதுதான். ஆயினும், தம் சொல்லால் எதுவும் மாறாது என்று சட்டமே விதித்துவிட்ட இடத்தில், தொடர்ந்து உட்கார்ந்திருப்பது பிறர் செய்யும் முடிவுக்குத் தம் சம்மதத்தை இரவல் கொடுப்பதாகும் என்று அவர்கள் கண்டது நியாயமென்றே நான் கருதுகிறேன்.

மெக்கன்ஸியின் புகாரில் உண்மையே இல்லை என்று சாதிக்க வேண்டியதில்லை. பிளேக் நோய் பரவிய அக்காலத்தில் விரைவான நிர்வாகம் அவசியமாகத்தான் இருந்தது. அந்த ஜனப் பிரதிநிதிகளையும் சொத்துடைய ஒரு சிலரே தேர்ந்தெடுத்தனர். குடிசைவாசிகளுக்கும் ஸ்திரீகளுக்கும் வாக்குரிமை இல்லை. ஆனால் பிரதிநிதித்துவம் குறுகியிருந்தால் அதை விரிவாக்குவதும், நிர்வாகம் தாமதித்தால் அதைச் சீர்ப்படுத்துவதுமே பரிகாரம். உள்ள பிரதிநிதித்துவத்தையும் பறிப்பது பரிகாரமாகாது.

இந்தப் பரிகாரத்தைக் காரியத்தில் காட்டியவரும் சுரேந்திரநாத்தே. 1921-ல் வங்காளத்தின் ஸ்தல சுயாட்சி மந்திரியான அவர், 1923-ல் நிறைவேற்றிய கல்கத்தா முனிசிபல் சட்டம் ஜனப் பிரதிநிதிகளைப் பெரும்பான்மையாக்கி, ஸ்திரீகளுக்கும் வாக்குரிமை தந்து, மேயரையும் தலைமை நிர்வாக அதிகாரியையும் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைச் சபையிடமே ஒப்படைத்தது. 1924-ல் சித்தரஞ்சன் தாஸ் முதல் மேயரானார். இருபத்தேழு வயது சுபாஷ் சந்திர போஸ் தலைமை நிர்வாக அதிகாரியாகி, தமக்குரிய மூவாயிரம் ரூபாய்ச் சம்பளத்தில் பாதியே போதுமென்று பெற்றுக்கொண்டார். சட்டம் செய்த சுரேந்திரநாத்தோ அதற்குள் சட்டசபைத் தேர்தலில் பிதான் சந்திர ராயிடம் தோற்றிருந்தார். அவர் தேடித் தந்த அதிகாரத்தை அவருடைய அரசியல் எதிரிகளே அனுபவித்தனர். அதனால் அந்தச் சட்டத்தின் பெருமை குறைந்துவிடவில்லை.

இன்றும் இது பழங்கதை ஆகிவிடவில்லை. கல்கத்தாவில் 1980-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மேயரும் அவருடைய சகாக்களும் அடங்கிய குழு நிர்வாகத்தை நடத்துகிறது. சென்னையில் 200 வார்டுகளுக்கும் கவுன்சிலர்கள் இருந்தும், நிர்வாக அதிகாரம் மாநில அரசு நியமிக்கும் ஆணையரிடமே இருக்கிறது. அரசியல் சாசனத்தின் 74-ஆவது திருத்தம் பெரிய நகரங்களுக்கு வார்டு கமிட்டிகளை விதித்தது. தமிழ்நாட்டில், அந்தந்தப் பகுதியின் வாக்காளர்கள் கூடும் பகுதி சபைகளும் வந்துள்ளன. ஆனால் எதைப் பரிசீலிப்பது என்பதை அதிகாரிகளே வகுத்து, எவ்வளவு செலவிடுவது என்பதையும் அவர்களே முடிவுசெய்தால், ஜனங்களுக்கு மிஞ்சுவது 1899-ன் பெரிய மண்டபந்தான்.

ஆகவே, உங்கள் வட்டாரத்தில் பகுதி சபை கூடும் நாளில் தவறாமல் செல்லுங்கள். தெருவிளக்கையும் குடிநீரையும் பற்றிய குறைகளைச் சொல்வதற்கு முன்னால், சென்ற கூட்டத்தின் தீர்மானம் யாரிடம் போயிற்று, அவர் அதன்மேல் என்ன செய்தார் என்று கேட்டு, அதற்குரிய பதிலைக் கூட்டக் குறிப்பில் எழுதச் செய்யுங்கள்.