வெயில் ஒத்தால் போதாது, தண்ணீரும் ஒக்க வேண்டும்

புதிய பயிர் ஒன்றைப் பற்றிப் பேச்சு எழுந்தால், "நம் ஊர்த் தட்பவெப்பத்துக்கு இது வருமா?" என்பதே விவசாயிகளின் முதல் கேள்வி. "வரும்" என்று பதில் கிடைத்தவுடன் கன்று வாங்கப் புறப்பட்டு விடுகிறார்கள். அந்த ஒரு கேள்வி போதாது என்பதற்கு ஸ்பெயின் நாட்டின் தென்கடற்கரையிலுள்ள வெலெஸ்-மாலகா என்ற ஊர் நல்ல சான்று.

இவ்வூர் ஏறக்குறைய 37 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. எனினும் கடுங்குளிர் இல்லை. அருகிலுள்ள மாலகா நகரின் நீண்டகாலச் சராசரிப்படி, சனவரியில் பகல் வெப்பம் சுமார் 17 டிகிரி செண்டிகிரேடு. இரவில் 7 டிகிரி. ஆகஸ்டில் பகலில் 31, இரவில் 21 டிகிரி. வடக்கே நிற்கும் மலைகள் குளிர்காற்றைத் தடுக்கின்றன. தெற்கே மத்தியதரைக் கடல் கோடையில் வெப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு குளிர்காலத்தில் மெல்ல வெளியிடுகிறது. ஆகவே கடலோரத்தில் உறைபனி அபூர்வம்.

இந்த மிதமான குளிரை நம்பித்தான் அங்கே மாவும் வெண்ணெய்ப் பழமும் நடப்பட்டன. இடைஞ்சல் இல்லாமல் இல்லை. வசந்தத்தில் மா பூக்கும்போது இரவு குளிர்ந்திருந்தால் கரு வளராமல், கொட்டையில்லாத சிறு காய்களே நிற்கும். இதற்காகச் சில தோட்டங்களில் முதலில் வரும் பூங்கொத்துகளைக் கிள்ளி விடுகிறார்கள். மரம் மறுபடி பூக்கும்போது வெயில் ஏறியிருக்கும்; காய் நன்கு பிடிக்கும். வெப்பத்தின் குறையை இவ்வாறு கை வேலையால் ஓரளவு சரிக்கட்டலாம்.

தண்ணீரின் குறையை அவ்வாறு சரிக்கட்ட முடியாது. மாலகாவின் ஆண்டு மழை சராசரி 530 மில்லி மீட்டர். ஒரு ஹெக்டேருக்கு இது 5,300 கன மீட்டர். இதில் பெரும்பகுதி இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் பெய்து விடுகிறது. மரம் அதிகமாக நீர் கேட்கும் சூலை, ஆகஸ்டில் மழை அநேகமாக இல்லை. போதாததற்கு, நிலப்பக்கத்திலிருந்து 'தெர்ரால்' என்னும் வறண்ட காற்று வீசும் நாட்களில் வெப்பம் 40 டிகிரியை எட்டுவதும் உண்டு. வெண்ணெய்ப் பழ மரத்தின் வேர் மேலாகவே ஓடுவதால் வறட்சியைத் தாங்காது. ஆகவே கோடை முழுவதும் பாசனமே கதி.

அந்தப் பாசனத்துக்கு ஆதாரம் லா வின்யுவேலா அணை. அதன் கொள்ளளவு சுமார் 16 கோடி கன மீட்டர். மழை பல ஆண்டுகள் தொடர்ந்து பொய்த்ததால், 2024 தொடக்கத்தில் அணையில் 8 சதவீதத்துக்கும் குறைவாகவே நீர் இருந்தது. குடிநீருக்கு முதலிடம் தரப்பட்டு, பாசனம் நிறுத்தப்பட்டது. சுத்திகரித்த கழிவு நீர் சில தோட்டங்களுக்கு உதவியது. பல விவசாயிகள் மரத்தையாவது காப்பாற்ற வேண்டிக் கிளைகளைத் தறித்து, அடிமரத்தை மட்டும் விட்டு வைத்தார்கள். சிலர் மரங்களை அடியோடு வெட்டினார்கள். 2025 மார்ச் மழையில் அணை ஓரளவு தேறியது. ஆனால் வெட்டிய மரம் காய்க்க ஆண்டுகள் ஆகும். வாங்கிய கடனுக்கு வட்டி அதுவரை காத்திராது.

அதே மலைச்சரிவுகளில் திராட்சை, ஆலிவ், பாதாம் ஆகியவை தலைமுறை தலைமுறையாக மானாவாரியில் விளைந்து வருகின்றன. கோடையின் மழையற்ற வெயிலில்தான் அங்கே திராட்சைக் குலைகளைச் சரிவில் பரப்பிக் கிஸ்மிஸ் போடுகிறார்கள். இந்த முறையை ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் 2017-ல் உலக விவசாயப் பாரம்பரியங்களுள் ஒன்றாக ஏற்றது. மாவுக்குக் குறையாகும் அதே வறண்ட வெயில், கிஸ்மிசுக்கு மூலதனம்.

பழைய பயிரையே கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்பதல்ல இதன் பொருள். செங்குத்தான சரிவில் கிஸ்மிஸ் வேலை கடினம், வருமானமும் சொற்பம். நல்ல விலை தரும் பழமரத்தை நாடியதில் அந்தச் சிறு விவசாயிகளைக் குறை கூற இயலாது. அணை நிறைந்த ஆண்டை அளவாக வைத்துப் பரப்பைப் பெருக்கியதே பிழை. அதில் அனுமதி தந்தவர்களுக்கும், கன்று விற்றவர்களுக்கும், கொள்முதல் செய்தவர்களுக்கும் பங்கு உண்டு. நட்டமோ நிலத்துக்காரர் தலையில் விடிந்தது.

ஒரு பருவப் பயிர் தவறினால் அடுத்த பருவத்தில் மாற்றிக் கொள்ளலாம், மரப்பயிர் அப்படியல்ல. ஆகவே கன்று வாங்குமுன், ஐப்பசியில் நிறைந்து நிற்கும் கிணற்றைப் பார்க்காமல், வறண்ட ஆண்டின் வைகாசியில் அது எத்தனை மணி நேரம் இறைத்தது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அந்தத் தண்ணீருக்கு எத்தனை மரம் தாங்குமோ அத்தனையே நட வேண்டும். மிஞ்சிய நிலத்தில் மானாவாரிப் பயிர் நிற்கட்டும். வெயில் ஊருக்கெல்லாம் பொது; தண்ணீர்க் கணக்கு அவரவர் கிணற்றுக்குத் தனி.