கையிருப்பு எவ்வளவு, கெடு எப்போது?

கேள்வி: இலங்கையில் உரத் தட்டுப்பாடு வந்த சமயத்தில், அந்த நாட்டிடம் 300 கோடி டாலருக்கு மேல் கையிருப்பு இருப்பதாகச் செய்திகளில் வந்தது. அவ்வளவு டாலர் இருந்தும் யூரியா வாங்க முடியாமல் போனது எப்படி?
– திருத்துறைப்பூண்டி வட்டார வாசகர் ஒருவர்

பதில்: சம்பா அறுவடை முடிந்து கொள்முதல் நிலையத்துப் பணம் கணக்கில் ஏறியதும் ஒரு விவசாயியின் பாஸ்புக்கில் 1,20,000 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அறுவடை மிஷின் வாடகையை இந்த வாரமே கொடுத்தாக வேண்டும். அடுத்த மாதம் சொசைட்டியில் பயிர்க்கடன் கெடு. நான்கு மாதத்தில் நகைக்கடன் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் ஏல நோட்டீஸ். போதாக்குறைக்கு அந்தத் தொகையில் 50,000 ரூபாய் மைத்துனர் போட்டு வைத்தது. அவரைக் கேட்காமல் எடுக்க முடியாது. இவரிடம் பணம் இருக்கிறதா, இல்லையா? உரக்கடைக்காரர் பாஸ்புக்கைப் பார்த்துக் கடன் கொடுப்பதில்லை. வேறு எங்கெங்கே பாக்கி என்றுதான் முதலில் விசாரிப்பார்.

நாட்டின் டாலர் கணக்கும் இப்படித்தான். கையிருப்பு என்று வெளியாகும் எண் ஒரு நாளின் இருப்பு மட்டுமே. கட்டியே தீரவேண்டிய அசலும் வட்டியும் ஒரு மாதத்துக்குள் எவ்வளவு, மூன்று மாதத்துக்குள் எவ்வளவு, ஓராண்டுக்குள் எவ்வளவு என்று தனியே ஒரு கணக்கு உண்டு. பன்னாட்டு நிதியம் வகுத்த படிவத்தில் பல நாடுகள் இதை மாதந்தோறும் வெளியிடுகின்றன. 1997-இல் தாய்லாந்து மத்திய வங்கி தன் டாலர்களில் பெரும்பகுதியை முன்பேர ஒப்பந்தங்களில் ஏற்கெனவே கட்டிப்போட்டிருந்தது. அது வெளியே தெரியாததால் கையிருப்பு தாராளமாக இருப்பதுபோலத் தோன்றியது. அந்த நெருக்கடிக்குப் பிறகுதான் இந்தப் படிவமே வந்தது.

இலங்கைக்கு வருவோம். 2019 முடிவில் அதன் கையிருப்பு சுமார் 760 கோடி டாலர். கொரோனா வந்ததும் சுற்றுலா வருமானம் நின்றது. வெளிநாட்டில் வேலை செய்வோர் அனுப்பும் பணம் 2020-இல் சுமார் 710 கோடி டாலராக இருந்தது, 2021-இல் 550 கோடியாகக் குறைந்தது. அரசு டாலரின் விலையைப் பிடித்து வைத்திருந்ததால், உண்டியல்காரர்கள் வங்கியைவிடக் கூடுதலாகக் கொடுத்தார்கள். பணம் அந்த வழியில் போய்விட்டது. வரத்து வாய்க்கால் இப்படி அடைபட, கெடு தேதிகள் மட்டும் நகரவில்லை. 2021 ஜூலையில் 100 கோடி டாலர் கடன் பத்திரத்துக்குப் பணம் கட்டப்பட்டது.

இந்த நிலையில்தான் 2021 மே மாதம் ரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டது. மக்களின் உடல்நலமும் இயற்கை வேளாண்மையும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. உர இறக்குமதிக்கு ஆண்டுக்கு 40 கோடி டாலர் போகிறது என்ற கணக்கும் கூடவே பேசப்பட்டது. இயற்கை உரத்துக்கு மாறுவது தவறில்லை. ஆனால் மண்ணைப் பழக்க மூன்று நான்கு பருவமாவது வேண்டும். தொழுவுரமும் பசுந்தாள் விதையும் தயாராக இல்லாமல் ஒரே பருவத்தில் ஒரு நாட்டையே மாற்றுவது நடக்கிற காரியமல்ல. நவம்பரில் தடை விலக்கப்பட்டபோது மகா பருவத்து விதைப்பு பாதிக்குமேல் நடந்திருந்தது. உலகச் சந்தையில் யூரியா விலையும் அதற்குள் ஏறிவிட்டது.

2021 டிசம்பர் முடிவில் கையிருப்பு சுமார் 310 கோடி டாலர் என்று வந்தது. வாசகர் குறிப்பிடும் எண் இதுதான். அதில் ஏறக்குறைய 150 கோடி டாலர் மதிப்புள்ளது சீன மத்திய வங்கியின் யுவான் கைமாற்று. மூன்று மாத இறக்குமதிக்கான கையிருப்பு இருந்தால்தான் அதைத் தொடலாம் என்பது நிபந்தனை. மைத்துனர் பணம் என்று முன்னே சொன்னது இதைத்தான். மறுபக்கம், 2022-ஆம் ஆண்டில் மட்டும் கட்ட வேண்டிய வெளிநாட்டுக் கடன் 700 கோடி டாலர் அளவில் நின்றது.

2022 ஜனவரி 18 அன்று 50 கோடி டாலர் கடன் பத்திரம் ஒன்றுக்குக் கெடு வந்தது. உணவும் மருந்தும் வாங்க அந்த டாலரை வைத்துக்கொள்ளுங்கள், கடன்காரர்களோடு பேசுங்கள் என்று பொருளாதாரம் தெரிந்தவர்கள் பலர் எடுத்துச் சொன்னார்கள். அரசு கட்டிவிட்டது. ஒருமுறை தவணை தவறினால் பிறகு யாரும் கடன் தரமாட்டார்கள் என்ற அச்சத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் வெளிச் சந்தையில் அந்த நாட்டுக்குக் கடன் கிடைப்பது 2020-லேயே நின்றுபோயிருந்தது. ஓராண்டு உரத்தில் மிச்சம் பிடிக்க நினைத்த தொகையைவிடப் பெரிய தொகை அந்த ஒரே நாளில் வெளியே போயிற்று.

ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்துவதாக அறிவிப்பு வந்தது. மே முதல் வாரத்தில் நிதி அமைச்சர் நாடாளுமன்றத்தில், எடுத்துப் பயன்படுத்தக்கூடிய டாலர் 5 கோடிகூட இல்லை என்றார்.

இதில் கவனிக்க வேண்டியது தேயிலை. டாலர் கொண்டுவரும் பயிர் அது. உரம் இல்லாமல் போனது முதல் பல காரணங்களால், 2021-இல் 30 கோடி கிலோவுக்கு அருகில் இருந்த விளைச்சல் 2022-இல் 25 கோடி கிலோவாக இறங்கியது. டாலரை மிச்சப்படுத்தப் போய் டாலர் தரும் செடியையே பட்டினி போட்டார்கள். நெல்லும் சரிந்ததால் அரிசி இறக்குமதிக்கு வேறு டாலர் தேவைப்பட்டது. இந்தியா கடனுதவியில் 65,000 டன் யூரியா அனுப்பியது. தமிழ்நாடு அரசு 40,000 டன் அரிசியும், பால் பவுடரும், மருந்தும் தருவதாக அறிவித்து, முதல் கப்பல் 2022 மே மாதம் சென்னையிலிருந்து புறப்பட்டது.

நம் நாட்டில் இப்படி வருமா என்று அடுத்த கேள்வி எழும். 1991-இல் சில வார இறக்குமதிக்கு மட்டுமே டாலர் இருந்த நிலையில் ரிசர்வ் வங்கி சுமார் 47 டன் தங்கத்தை வெளிநாட்டுக்கு அனுப்பி அடகு வைத்தது. 2024-இல் நம் கையிருப்பு 60,000 கோடி டாலருக்கு மேல் இருந்தது. அந்த வகையில் இப்போது பதற்றம் தேவையில்லை. என்றாலும் பொட்டாஷ் உரம் முழுவதும் கப்பலில்தான் வருகிறது, டி.ஏ.பி.யிலும் பெரும்பகுதி அப்படியே. ரிசர்வ் வங்கி வாரந்தோறும் வெளியிடும் கையிருப்பு எண்தான் வெள்ளிக்கிழமை செய்திகளில் வருகிறது. கெடு வாரியான கணக்கை அதே வங்கி மாதம் ஒருமுறை வெளியிடுகிறது. அது செய்திகளில் வருவது அபூர்வம்.