கணக்கில் எழுந்த கரை!

பிலிப்பைன்ஸ் நாட்டு மக்களுக்கு உலகம் ஒரு பட்டம் சூட்டி வைத்திருக்கிறது. எத்தனை புயல் அடித்தாலும் சிரித்துக் கொண்டே எழுந்து நிற்பவர்கள் என்பது அந்தப் பட்டம். இடுப்பளவு நீரில் நின்றபடி இளைஞன் ஒருவன் சிரிப்பான், படம் எடுப்பார்கள், "தாங்கும் திறன் பாரீர்!" என்று தலைப்பிடுவார்கள், ஆளவந்தார் அதைக் கண்டு அகமகிழ்வர். தாங்குகிறானாம், தாங்குகிறான்! எதைத் தாங்குகிறான், எவர் ஏற்றி வைத்த சுமையைத் தாங்குகிறான் என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் அந்தப் பட்டம் பறிபோகும். நன்றி கெட்டவன் என்ற வேறொரு பட்டம் வந்து சேரும்.

2025ஆம் ஆண்டில் அவன் கேட்டுவிட்டான்.

அவ்வாண்டு ஜூலைத் திங்களில், புயலும் தென்மேற்குப் பருவக்காற்றும் கைகோத்து வந்து லூசோன் தீவை நீரில் ஆழ்த்தின. நீர் வடியுமுன், 28ஆம் நாள், அதிபர் மார்க்கோஸ் இளையவர் தம் ஆண்டுரையை நிகழ்த்தினார். வெள்ளத்தடுப்புப் பணத்தை விழுங்கியவர்களைப் பார்த்து, வெட்கப்படுங்கள் என்றார். அவை கைதட்டியது! எவரைப் பார்த்து அவர் வெட்கப்படச் சொன்னாரோ, அவர்களுக்கு வேண்டியவர்களும் அந்த அவையில் அமர்ந்து கைதட்டவில்லை என்று எவரால் உறுதி கூற முடியும்?

ஆகஸ்ட் 11இல் கணக்கு வெளிவந்தது. 2022 ஜூலை முதல் வெள்ளத்தடுப்புத் திட்டங்கள் 9,855. செலவு 54,500 கோடி பெசோ. ஒப்பந்தக்காரர்கள் 2,000 பேருக்கு மேல். ஆனால் அவர்களுள் 15 பேரின் கைக்கு மட்டும் 10,000 கோடி பெசோ போய்ச் சேர்ந்தது. ஆகஸ்ட் 20இல் அதிபர் புலக்கான் மாநிலத்திலே பலியுவாக் நகரின் பியெல் என்னும் பகுதிக்குச் சென்றார். 5 கோடியே 57 லட்சம் பெசோவில் ஆற்றங்கரைச் சுவர் ஒன்று அங்கே கட்டி முடிக்கப்பட்டதாக ஏடு கூறியது. பணம் முழுவதும் கொடுத்தாயிற்று. சென்று பார்த்தால் சுவர் இல்லை. அரைச்சுவர் இல்லை, அடித்தளம் இல்லை, ஒரு கல்லும் இல்லை! ஆறு இருந்தது, புல் இருந்தது, கணக்கில் கரை எழுந்திருந்தது.

பேய் இல்லை, பிசாசு இல்லை என்று பேசிவரும் பகுத்தறிவாளர்களே, பிலிப்பைன்சில் மட்டும் பேய் உண்டு போலும்! இத்தகைய பணிகளுக்கு அந்நாட்டார் வைத்த பெயரே பேய்த் திட்டங்கள் என்பது. பழம்பேய் புளியமரத்தில் குடியிருக்கும். இந்தப் பேய் பொதுப்பணித் துறையின் பட்டியலில் குடியிருக்கும். பழம்பேயை வேப்பிலை கொண்டு ஓட்டுவதாகவாவது கதை சொல்வார்கள். இதற்கு விசாரணைக் குழு வைத்தார்கள். 2023 முதல் 2025 வரை இந்தப் பேய்கள் தின்றது 4,230 கோடியிலிருந்து 11,850 கோடி பெசோ வரை இருக்கலாம் என்று நிதியமைச்சரே செனட் அவையில் மதிப்பிட்டுச் சொன்னார்.

இந்த எண்களைப் படிக்கிறபோது மலைப்பு வருகிறதே தவிர, சினம் வருவதில்லை. கோடி என்பது ஏழைக்குக் கண்ணுக்குத் தெரியாத பொருள். ஆகவே கோடியை விட்டுவிட்டு, புலக்கானில் ஒரு கல்லூரி மாணவனின் காலைப் பொழுதைப் பாருங்கள். பெயர் வேண்டாம், அவனைப் போல் பல்லாயிரவர்.

விழித்ததும் அவன் கைப்பேசியை எடுக்கிறான், இன்று வகுப்பு உண்டா இல்லையா என்று அறிய. மழை நாளில் அந்நாட்டு மாணவன் முதலில் தேடும் செய்தி அதுதான். வகுப்பு உண்டு என்றால், காலணியை நெகிழிப் பையில் முடிந்து தோளில் மாட்டிக்கொண்டு, ரப்பர் செருப்போடு தெருவில் இறங்குகிறான். தெரு என்பது பழைய பெயர்; இப்போது அது வாய்க்கால். ஜீப்னி என்னும் சிற்றுந்தில் 2025இல் குறைந்த கட்டணம் 13 பெசோ. மாணவனுக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கு தள்ளுபடி என்று சட்டம் இருக்கிறது. சட்டம் தந்த சலுகையைப் பெற வண்டி வரவேண்டுமே! அரசுக் கல்லூரிகளில் 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டணமில்லாக் கல்வி. நல்ல சட்டம், பாராட்டுகிறேன். கல்லூரிக் கதவு திறந்திருக்கிறது. கதவுக்குப் போகும் வழிதான் நீருக்கடியில் கிடக்கிறது. காலில் ஒரு சிறு கீறல் இருந்தால் போதும், எலிக்காய்ச்சல் வந்துவிடும். அவ்வாண்டு ஆகஸ்டில் மருத்துவமனைகள் அந்த நோயாளிகளுக்கெனத் தனி வரிசையே வைத்தன.

அதே கைப்பேசியில் வேறொரு காட்சியும் வருகிறது. ஒப்பந்தக்காரர் வீட்டுப் பிள்ளைகள், அரசியல்வாதி வீட்டுப் பிள்ளைகள், வெளிநாட்டு வீதிகளில் விலையுயர்ந்த பைகளோடு நிற்கிறார்கள்! ஒப்பந்தக்கார அம்மையார் ஒருவர், பெரும்விலைக் கார் ஒன்றை ஏன் வாங்கினார் என்பதைப் பேட்டியில் விளக்கியிருந்தார்: அந்தக் காரில் ஒரு குடை வைத்திருக்கிறார்களாம், அது பிடித்துப் போயிற்றாம்! குடைக்காகக் கார் வாங்கிய சீமாட்டி ஒருபுறம். குடையையும் காற்றுக்குப் பறிகொடுத்து நனைந்து நிற்கும் மாணவன் மறுபுறம். இந்தக் காட்சியைக் கற்பனையாக எழுதிய நாடக ஆசிரியனை, மிகைப்படுத்துகிறான் என்று நாமே கடிந்திருப்போம்.

"வரி கட்டாத சிறுவனுக்கு இதில் என்ன வழக்கு?" என்று கேட்கும் பெரியவர்கள் எந்நாட்டிலும் உண்டு. வரி கட்டாதவனா அவன்? ஆண்டுக்கு 2,50,000 பெசோவுக்கு உட்பட்ட வருவாய்க்கு அங்கே வருமான வரி இல்லைதான். ஆனால் அவன் பசிக்கு வாங்கும் நூடுல்ஸ் பொட்டலத்தில் 12 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரி இருக்கிறது. மத்தி மீன் டப்பாவில் இருக்கிறது. வகுப்பு உண்டா என்று பார்க்கக் கைப்பேசிக்குப் போடும் பணத்திலும் இருக்கிறது. பியெல் பகுதியின் இல்லாத சுவருக்கு அவனும் விலை கொடுத்திருக்கிறான். படிக்கிற பிள்ளைக்கு அரசியல் எதற்கு என்கிறார்கள். அரசியலை அவன் தேடிப் போகவில்லை ஐயா. அது அவன் முழங்கால் வரை ஏறி வந்துவிட்டது!

ஒன்றை நேர்மையோடு சொல்லிவிட வேண்டும். சுவர் எழுந்திருந்தால் வெள்ளமே வந்திராது என்று நான் சாதிக்க வரவில்லை. ஹகோனோய் போன்ற கடலோர ஊர்களில், நிலத்தடி நீரை ஓயாது உறிஞ்சியதால் நிலமே தாழ்ந்து வருகிறது. மழையற்ற நாளிலும் கடல் பொங்கும் வேளையில் வீதியில் நீர் ஏறுகிறது. இதற்கு அறிவியல் வழி காண வேண்டும், அளந்து ஆய்ந்து திட்டமிட வேண்டும். அதற்கென்று ஒதுக்கிய பணத்தைத்தான் வேலியே மேய்ந்துவிட்டது. மேய்ந்தபின், இது ஆண்டவன் சோதனை, பொறுமை காப்போம் என்று உபதேசம்! மழை இயற்கையின் செயல் என்பதை ஒப்புகிறேன். இல்லாத சுவருக்கு முடிவுச் சான்றிதழில் கையெழுத்திட்டது எந்த இயற்கை?

செப்டம்பர் 21ஆம் நாள், மணிலாவில் லுனெட்டா திடலிலும் எட்சா பெருவீதியிலும் பல்லாயிரவர் திரண்டனர். அந்த நாளைத் தற்செயலாகத் தேர்ந்துவிடவில்லை. 53 ஆண்டுகளுக்கு முன், 1972இல், இந்த அதிபரின் தந்தையார் இராணுவச் சட்டத்தில் இட்ட நாள் அது. பாதிரிமாரும் கன்னியரும்கூட இளைஞரோடு நின்றனர். பொறுமை உபதேசம் செய்யாமல் வீதிக்கு வந்த அவர்களை நான் குறைகூற மாட்டேன். இளைஞர்களிற் சிலர் கையில் ஜப்பானியச் சித்திரக்கதையின் கடற்கொள்ளையர் கொடி! பொம்மைக் கொடி பிடிக்கும் பிள்ளைகள் என்று நகைத்தார்கள். கருவூலக் கொள்ளையர் தேசியக் கொடி கட்டிய காரில் போகும்போது, பிள்ளைகள் வேறு எந்தக் கொடியைப் பிடிப்பார்களாம்?

அதிபரோ, பதவியில் இல்லாவிடில் தாமும் வீதியில் இறங்கியிருக்கக்கூடும் என்ற பொருள்பட அதற்குச் சில நாள் முன்பே பேசிவிட்டார். அவருடைய தாய்மாமன் மகனான சபாநாயகர், குற்றச்சாட்டுகளை மறுத்தபடியே, 17ஆம் நாள் பதவி விலகினார். வீதிக்கு வர அதிபருக்கு என்ன தடை என்று கேட்கவில்லை. அரண்மனையில் இருந்து கொண்டு செய்ய வேண்டியதைச் செய்திருந்தால் அந்த மாணவன் வீதிக்கு வர நேர்ந்திராது என்கிறேன்.

அன்று கூட்டத்தில் ஒரு பகுதியினர் கல்லெறிந்தனர். மெண்டியோலா அருகே மோதல் மூண்டது. 200க்கு மேற்பட்டோர் கைதாயினர், அவர்களுள் சிறுவர்களும் பலர். கல்லெறிதலை நான் மெச்சவில்லை. ஆனால் வேகத்தைப் பாருங்கள்! கல்லெடுத்த கைக்கு அன்றே விலங்கு. கோடி எடுத்ததாகச் சொல்லப்பட்ட கைகளுக்கோ ஒரு குழு; அந்தக் குழு தொடக்கத்தில் மூடிய கதவுக்குள் விசாரித்தது; வழக்கு, ஊழலுக்கான சிறப்பு நீதிமன்றத்தின் படியேற நவம்பர் ஆயிற்று.

அதற்குள், நவம்பர் 4ஆம் நாள், செபு தீவைப் புயல் தாக்கியது. நாடு முழுவதும் 200க்கு மேற்பட்டோர் மாண்டனர்; பெரும்பாலோர் செபுவினர். வெள்ளத்தடுப்புக்கென்று 2,600 கோடி பெசோ வந்ததாமே, பிறகு எப்படி மூழ்கினோம் என்று அம்மாநில ஆளுநரே கேட்டார். தாங்கும் திறனைப் போற்றிய புலவர்கள் அந்தக் கிழமை வாய் திறந்ததாகத் தெரியவில்லை.

நவம்பர் 30இல் இளைஞர்கள் மறுபடி எட்சாவுக்கு வந்தார்கள். 1863இல் அந்த நாளில் பிறந்தவன் ஆந்திரேஸ் போனிபாசியோ. மணிலாவின் தோண்டோ பகுதியில் கைத்தடியும் காகித விசிறியும் விற்றுப் பிழைத்த ஏழை. 1892இல் ஸ்பானிய ஆட்சியை எதிர்க்க இரகசியச் சங்கம் கண்டவர்களுள் ஒருவன். அவன் பிறந்த நாளில் வந்தவர்கள் நிவாரண அரிசி கேட்கவில்லை. எடுத்த பணத்தைத் திருப்பு, எடுத்தவனைச் சிறையில் அடை என்றார்கள்.