ஹேங்கர் கம்பி

சட்டை மாட்டும் ஹேங்கரின் கம்பியை வளைத்து, நுனியில் ஒரு குட்டி மைக்கைப் பொருத்திச் செய்த கருவியைத் தலையில் மாட்டிக்கொண்டு மேடையேறினார் பிரிட்டிஷ் பாடகி கேட் புஷ். 1979. வயது 20. பாடவும் வேண்டும், கைவீசி ஆடவும் வேண்டும். அதற்குத் தோதான கருவி கிடைக்கவில்லை. கிடைக்காவிட்டால் என்ன, இருப்பதை வைத்துச் செய்துகொண்டார்கள்.

கென்ட் பக்கத்து டாக்டர் வீட்டுப் பெண். பள்ளி வயதிலேயே பியானோ முன் உட்கார்ந்து பாட்டுக் கட்டியவர். பிங்க் ஃபிளாய்ட் இசைக்குழுவின் டேவிட் கில்மோர் காதில் அந்தப் பாட்டுகள் விழ, அவர் தயவில் இ.எம்.ஐ. கம்பெனியின் கதவு திறந்தது. முதல் இசைத்தட்டாக வேறொரு பாட்டை வெளியிடலாம் என்றது கம்பெனி. இவர் மசியவில்லை. எமிலி பிராண்டியின் ‘வுதரிங் ஹைட்ஸ்’ நாவலில் செத்துப்போன கேத்தி ஜன்னலுக்கு வெளியே நின்று உள்ளே விடச் சொல்லிக் கெஞ்சுகிறாளே, அவள் குரலில் தான் எழுதிய பாட்டுதான் முதலில் வர வேண்டும் என்றார். (எமிலிக்கும் இவருக்கும் பிறந்த நாள் ஒன்றே: ஜூலை 30.) 1978இல் அந்தப் பாட்டு நாலு வாரம் பிரிட்டனில் முதலிடத்தில் இருந்தது. தானே எழுதிய பாட்டோடு ஒரு பெண் அங்கே முதலிடம் பிடித்தது அதுவே முதல் தடவை.

ஹேங்கர் மைக்கோடு போன அந்த 1979 இசைப் பயணத்தோடு ஊர் ஊராகப் பாடுவதை நிறுத்திவிட்டார். பெற்றோரின் பண்ணைக் களஞ்சியத்தில் சொந்த ஸ்டூடியோ கட்டிக்கொண்டார். ‘ஹவுண்ட்ஸ் ஆஃப் லவ்’ 1985இல் அங்கிருந்துதான் வந்தது. அதில் ஒரு பாட்டு: ஆணும் பெண்ணும் கடவுளிடம் பேரம் பேசி ஒருவர் இடத்தில் மற்றவர் இருந்து பார்த்தால்? தலைப்பில் கடவுள் இருந்தால் சில நாட்டு வானொலிகள் ஒலிபரப்பாது என்று கம்பெனி பயந்தது. அந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுத்து, ‘ரன்னிங் அப் தட் ஹில்’ என்று பெயர் வைத்தார்.

1993க்குப் பிறகு 12 வருடம் ஆல்பமே இல்லை. 2005இல் திரும்பி வந்தபோது வாஷிங் மெஷினைப் பற்றி ஒரு பாட்டு. ‘பை’ எண்ணின் இலக்கங்களை உருகி உருகிப் பாடும் இன்னொரு பாட்டு. நடுவே சில இலக்கங்கள் விட்டுப்போனதைக் கணக்குத் தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். எனக்கு அந்தத் தப்பு ரொம்பப் பிடிக்கும். 2014இல் லண்டன் ஹேமர்ஸ்மித்தில் 22 இரவுகள் பாடினார். ஃபோனை எடுக்காமல் பாருங்கள் என்று ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார்.

2022இல் அக்கா மகள் ஓடி வந்து, “மாமா, புதுப் பாட்டு, கேளுங்க” என்றாள். நான் காசெட் தேயத் தேயக் கேட்ட அதே ‘ரன்னிங் அப் தட் ஹில்’. ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரில் வந்ததாம். 1985இல் மூன்றாம் இடத்தோடு நின்ற பாட்டு, 37 வருடம் கழித்து பிரிட்டனில் முதலிடம்.

கேட் புஷ் தன் இணையதளத்தில் நன்றி சொல்லிச் சில வரி எழுதினார். வானொலிக்கு ஒரு பேட்டி கொடுத்தார். மேடைக்கு வரவில்லை.