குடும்ப நலம்: பகலில் உறங்கும் மருமகள்

நெய்யூரில் 1838-ஆம் ஆண்டு டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சே தொடங்கிய மருத்துவப் பணி குமரி மாவட்டத்தில் ஆழ வேரூன்றியது. இன்று நாகர்கோவில் கேத்தரின் பூத் மருத்துவமனை, ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எனப் பல இடங்களில் நம் மக்கள் சிகிச்சை பெறுகின்றனர். அங்கெல்லாம் நாம் கண்ணயரும் நேரத்தில் விழித்திருப்பவர் செவிலியரே. காலை, மாலை, இரவு என்று மாறி மாறி வரும் அவருடைய பணிமுறை உடலுக்கு எத்தகைய சோதனை என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

உறக்கத்தையும் விழிப்பையும் ஒழுங்குபடுத்தும் கடிகாரம் ஒன்று மூளையில் உள்ளது. வெளிச்சத்தைக் கொண்டே அது நேரம் அறிகிறது. பின்னிரவு 3 மணிக்கும் 5 மணிக்கும் இடையே உடல் வெப்பம் தாழ்ந்து, அயர்வு உச்சத்தை அடைகிறது. ஊசி மருந்தின் அளவைக் கணிப்பதும், நோயாளியின் மூச்சில் மாற்றத்தைக் கவனிப்பதும் அந்நேரத்திலும் நடந்தாக வேண்டும்.

தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது கலந்தவரின் நிலைக்குத் தாழ்வதாக 1997-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. நம் நாட்டில் வாகனம் ஓட்டுவோருக்குச் சட்டம் வகுத்த வரம்பு 0.03 சதவீதமே! காலை 6 மணிக்கு எழுந்து, பகலில் உறங்காமல் இரவுப் பணிக்குச் செல்லும் செவிலியர், இரவு 11 மணிக்கே அந்நிலையை எட்டிவிடுகிறார். விடிவதற்கோ இன்னும் பல மணி நேரம் இருக்கிறது. சுழற்சிப் பணியிலுள்ள செவிலியரிடம் தவறுகளும் விபத்துகளும் நேரும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்கு என 1992-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றும் கூறுகிறது.

பாதிப்பு நோயாளியோடு நிற்பதில்லை. செரிமானக் கோளாறு, மனச்சோர்வு, நீரிழிவு, இதய நோய் ஆகியவற்றுக்கும் இரவுப் பணிக்கும் தொடர்புண்டு. அது புற்றுநோய்க்கும் காரணமாகக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-இலும் 2019-இலும் வகைப்படுத்தியுள்ளது.

மருத்துவமனைகள் செய்யக்கூடியவை பல. காலை, மாலை, இரவு என்ற வரிசையிலேயே பணியை மாற்றலாம். தொடர் இரவுகளைக் குறைக்கலாம். நள்ளிரவில் முறை வைத்துச் சிறிது நேரம் கண்ணயர இடமளிக்கலாம். ஆபத்தான மருந்துகளை இருவர் சரிபார்க்கச் செய்யலாம்.

இல்லத்தாரின் கடமையும் சிறிதன்று. இரவுப் பணி முடித்து வந்த மருமகள் பகலில் உறங்கினால் அதைச் சோம்பல் என்று எண்ணுவோர் உண்டு. நோன்பு மாதத்தில் ஸஹர் உணவை மருத்துவமனையிலேயே முடித்து வந்து, நோன்பு திறக்கும் நேரத்துச் சமையலுக்காக அரைத் தூக்கத்தில் எழும் சகோதரிகளும் உண்டு. அவரது அறையை இருட்டாக்குங்கள்; தொலைபேசியை அகற்றி வையுங்கள்; விருந்தினரை மாலையில் வரச் சொல்லுங்கள்; சமையலை மற்றவர்கள் பகிர்ந்துகொள்ளுங்கள். பணிக்குச் செல்லும் முன்னும் அவர் சற்று உறங்கட்டும்.

அவருக்கு நாம் அளிக்கும் பகல் உறக்கம், அன்றிரவு எங்கோ ஒரு கட்டிலில் கிடக்கும் நோயாளிக்கு நாம் அளிக்கும் பாதுகாப்பாகும். அந்த நோயாளி நம் தாயாகவும் இருக்கலாம்.